காகிதம் முடிந்த இடம்

நீலச் சாயத்தில் ஒரு வலது பாதம், ஐந்து விரலும் தெரிய முழுதாக, அதன் பக்கத்தில் இடது பாதம் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு தீற்றல், கண்ணை மூடினால் இப்போதும் அந்தத் தீற்றல்தான் முதலில் வருகிறது, பக்கவாதம் வந்த கண்டக்டர் மாசானமுத்துவின் கால் பழுப்புக் காகிதத்தில் இழுபட்ட தடம், அவர் உள்ளங்காலில் சாயம் தடவி நடக்கவிட்டுத் தடத்தை அளப்பவள் பிசியோதெரபிஸ்ட் ரெக்ஸ்லின், பக்கத்தில் கஞ்சிராவோடு நான், இசைச் சிகிச்சைக்காரி, இருவரும் சேர்ந்து செய்கிற ஆராய்ச்சி, ஆறு வாரத்தில் தடம் மாறாவிட்டால் பாட்டும் தாளமும் வேண்டாம் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார், மூன்று வாரம் போய்விட்டது, தீற்றல் தீற்றலாகவே இருக்கிறது. நான் வாசிக்கிறேன், நிமிடத்துக்கு அறுபது, பிசகாமல், தாளம் சரியாக இருந்தால் கால் தானாக வந்துவிடும் என்று நம்பினேன், எவ்வளவு திமிர் எனக்கு, மாசானமுத்து பாதியில் நின்று சுவரைப் பிடிக்கிறார், முப்பது வருசம் தென்காசி பஸ்ல கம்பியப் பிடிக்காம டிக்கெட் கிழிச்சவன் தாயி, இப்ப சொவத்தப் பிடிக்கேன், வண்டியக் கொஞ்சம் மெதுவா விடேன் என்கிறார், நான் சிரித்தேன், ரெக்ஸ்லின் சிரிக்கவில்லை, அக்கா, அண்ணாச்சி சரியாத்தான சொல்லுதாவ, நீங்க முன்னால போறிய, அவ்வொ ஓடி வந்து ஏறப் பாக்காவ, ரெண்டு நாள் வாசிக்காதிய, அவ்வொ காலடிய எண்ணுங்க போதும்.

சுருக்கென்று கோபம் வந்தது, பதினெட்டு வருடம் வாசித்தவளுக்கு இவள் தாளம் சொல்வதா, ஆனாலும் தரையில் உட்கார்ந்து எண்ணினேன், நிமிடத்துக்கு முப்பத்தெட்டு அடி, மறுநாளும் முப்பத்தெட்டு, மனிதர் தாளம் தப்பவே இல்லை, தப்பியவள் நான். முப்பத்தெட்டில் வாசிக்கத் தொடங்குகிறேன், இரண்டு இரண்டாக ஏற்றுகிறேன், அவர் முழங்காலைப் பார்த்து ரெக்ஸ்லின் கண்ணைக் காட்டினால்தான் என் விரல் வேகம் கூட்டும், கனவிலும் அப்படியே, ஆஸ்பத்திரி நடைக்கூடம் பஸ்ஸாகி ஓடும், ரெக்ஸ்லின் ஓட்டுவாள், விசில் அவர் வாயில், விழித்தால் ஆறாவது வாரத்து வெள்ளிக்கிழமை, துறைத்தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், நான் நாற்பத்தெட்டில் வாசிக்கிறேன், நீல வலது, நீல இடது, நீல வலது, அண்ணாச்சி நில்லுங்க, பேப்பர் முடிஞ்சிட்டு என்று ரெக்ஸ்லின் கத்துகிறாள், ஸ்டாப்பு இன்னும் வரல தாயி, போலாம் ரைட் என்று அவர் நடந்துகொண்டே இருக்கிறார், துறைத்தலைவர் ஒதுங்கி வழிவிடுகிறார், ஜெயித்துவிட்டோம், நாங்கள் மூன்று பேரும் ஜெயித்துவிட்டோம், நான் அழுதுகொண்டே வாசிக்கிறேன், காகிதத்தைத் தாண்டி வெள்ளைத் தரையில் நீலச் சாயத்தில் ஒரு இடது பாதம், ஐந்து விரலும் தெரிய, முழுதாக.