தண்ணீர் பிறக்கும் இடம்

தர்பியாவுக்கு நீந்த வந்துவிட்டது, நடக்கத்தான் தாமதமானது. நடப்பதற்குத் தரை வேண்டுமே! அவள் ஊரில் தரையே கிடையாது. ஆழமில்லாத கடலில் கம்பு நட்டு, கம்பின் மேல் வீடு, வீட்டுக்கு வீடு பலகைப் பாலம். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்தான், வாயில் வைக்கத்தான் முடியாது. குடிக்கிற தண்ணீர் எதிரே தெரியும் மலைத் தீவிலிருந்து கேன் கேனாகப் படகில் வரும். அம்மா சலாமா அதைக் கொட்டாங்கச்சியால் அளந்துதான் கொடுப்பாள். குளியல் கடலில், உப்புப் போக, கடைசியில் தலைக்கு ஒரே ஒரு கொட்டாங்கச்சி நல்ல தண்ணீர்.

"அம்மா, இது எங்கம்மா பொறக்குது?"

"மலையில. வாய மூடிட்டுக் குனி."

குனிந்த தலைக்குள் அந்த இடம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. மலை உச்சியில் இன்னொரு கடல். அத்தனையும் இனிப்புத் தண்ணீர். அளப்பதற்கு ஒருவரும் இல்லை. இதை அத்தை மகள் அம்ஜாவிடம் சொன்னதுதான் தப்பு.

"துறைமுகத்துக் குழாயில பொறக்குதுடி உன் கடல்! திருகுனா வரும், மூடுனா செத்துரும்" என்று அவள் ஊர் சிரிக்கச் சொல்லிவிட்டாள்.

தர்பியா அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அப்பா மசரானிதான் ஒருநாள் சோற்றுத் தட்டின் முன் குண்டைத் தூக்கிப் போட்டார். இங்கே மீன் அற்றுப்போய்விட்டது, நாளை மறுநாள் தெற்கே போகிறோம், இனி அங்கேதான் வீடு. அங்கிருந்து மலை தெரியுமா என்று தர்பியா கேட்டாள். மலையைக் காய்ச்சியா குடிக்கப் போகிறாய் என்றார் அவர்.

மறுநாள் விடிந்ததும், வேகவைத்த மரவள்ளித் துண்டு இரண்டை மடியில் கட்டிக்கொண்டு, சின்னத் தோணியை அவிழ்த்தாள். பத்து வயதுதான். ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி.

கடல் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஏற்றத்தின் முதுகில் உட்கார்ந்து மலைத் தீவின் ஆற்று வாய்க்குள் நுழைந்தாள். கண்டல் மரங்களுக்கு நடுவே தோணி தானாகவே உள்ளே போயிற்று. பாறைகள் தட்டிய இடத்தில் ஒரு வேரில் கட்டிவிட்டு இறங்கினாள்.

இறங்கியதும் தலை சுற்றியது. பலகை ஆடும், தோணி ஆடும். இந்தத் தரையோ பிணம் மாதிரி அசையாமல் கிடந்தது. "கொஞ்சம் ஆடேன்!" என்று அதட்டினாள். அது கேட்கவில்லை. மரவள்ளியை ஆற்றங்கரையிலேயே வாந்தியெடுத்துவிட்டு, வாயைக் கழுவினாள். அப்போதுதான் நாக்கில் பட்டது. உப்பு இல்லை! தலைசுற்றல் போன இடம் தெரியவில்லை. தண்ணீர் வரும் வழியை விடாமல் பிடித்துக்கொண்டு மேலே நடந்தாள்.

ஒரு அருவியடியில் வழி முடிந்தது. இரண்டு ஆள் உயரப் பாறை. தண்ணீர் அதன் மேலிருந்துதான் விழுந்தது. தர்பியா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஏற்றம் இங்கே வந்து சேர நேரமாகும். வந்தால் தண்ணீர் உயரும், அவளைத் தூக்கி மேலே விட்டுவிடும். அவள் பார்த்த தண்ணீர் எல்லாம் அப்படித்தான், போகும், வரும்.

குச்சி நனையவில்லை. நிழல் இடம் மாறியது. இந்நேரம் கடல் வற்றத் தொடங்கியிருக்கும் என்று அவள் உடம்பே சொன்னது. ஆனால் குச்சியடியில் விரலகலம்கூடக் குறையவும் இல்லை. தண்ணீர் விழுந்தது, ஓடியது, விழுந்தது. அவள் பயந்துபோனாள். இது திரும்பி வராத தண்ணீர். போனது போனதுதான். எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாலும் தன்னைத் தூக்கிவிடாது. தோணியும் இதற்குள் சேற்றில் உட்கார்ந்திருக்கும். நாளை இந்த மலையும் இல்லை என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நன்றாக அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக் கம்பில் ஏறுவது போலப் பாறையில் ஏறினாள். இரண்டு முறை சறுக்கினாள். முழங்கால் கிழிந்தது. மூன்றாம் முறை மேலே நின்றாள்.

மேலே கடல் இல்லை. ஓடை மெலிந்து மெலிந்து போய், ஒரு பெரிய மரத்தின் வேரடியில், பாறை இடுக்கில் முடிந்தது. அங்கே இரண்டு உள்ளங்கை அளவில் தண்ணீர் மணலைத் தள்ளிக்கொண்டு குமிழியிட்டது. அவ்வளவுதான். தர்பியா வெகுநேரம் அதையே பார்த்தாள். "நீதானா?" என்று கேட்டுச் சிரித்தாள். கவிழ்ந்து படுத்து வயிறு முட்டக் குடித்தாள். கோபித்துக்கொள்ள மனமே வரவில்லை.

அவள் இறங்கி வந்தபோது தோணி சேற்றில்தான் கிடந்தது. அதன் பக்கத்தில், இடுப்புவரை சேறோடு அம்மா. ஆற்று வாயில் நின்ற அப்பாவின் படகிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். அவளும் வாந்தியெடுத்திருந்தாள்.

"பாவி மகளே! உன்ன முதல தின்னுருச்சின்னு நெனச்சேன்டி!" முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், அதே கையால் இழுத்து அணைத்துக்கொண்டாள். தண்ணீர் ஏறும்வரை இருவரும் தோணிக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தியா?" என்றாள் அம்மா, வேறெங்கோ பார்த்தபடி.

"பாத்தேன்."

"எவ்வளவு பெருசு?"

தர்பியா இரண்டு கைகளையும் சேர்த்துக் காட்டினாள். "இவ்வளவுதாம்மா. ஆனா நிக்கவே மாட்டேங்குது. நாம தூங்குறப்பவும் வந்துட்டேதான் இருக்கும்."

அம்மா அந்தக் கைகளையே பார்த்தாள். "உன் வயசுல நானும் கேட்டேன்டி. வாய மூடுன்னாங்க. மூடிட்டேன்."

பொழுது சாய, தோணி மெல்ல மிதந்தது. ஆற்று வாயில் படகிலிருந்து அப்பா கத்தினார். "ரெண்டு பேரும் வந்து தொலைங்க! நாளைக்குப் பொறப்படணும், சாமான் அப்படியே கெடக்கு!"

"நாளைக்கு இல்ல" என்று அம்மா திருப்பிக் கத்தினாள். "ஒரு நாள் தள்ளிப் போனா மீனு கோச்சுக்காது! காலையில ஏத்தத்துக்கு நானும் என் மகளும் மலைக்குப் போறோம்!"

அம்மா துடுப்பை எடுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"பாறை கீறை இருந்தா என் கையக் கெட்டியாப் பிடிச்சுக்கடி. எனக்கு இப்பவே தல சுத்துது."