மூன்றாவது ஏன்

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் ‘ஏனக்கா’தான். இந்தப் பொருளை ஏன் வாங்கினீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் ஃபோனில் கேட்டு எழுதுவது அவள் வேலை. வாசல் கதவில் மாட்டுகிற கேமரா விற்கும் கம்பெனி அது. யார் வந்தாலும் போனாலும் வாங்கியவரின் கைப்பேசிக்குப் படத்தோடு செய்தி போய்விடும்.

ஏனக்காவுக்கென்று ஒரு முறை உண்டு. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பாள். முதல் பதில் விளம்பரத்தில் வருவது. “திருட்டு பயம்தாங்க” என்பார்கள். இரண்டாவது, ஊருக்குச் சொல்லத் தயாராக வைத்திருப்பது. மூன்றாவது தடவை “ஏன்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாள். அந்த மௌனம் தாங்காமல் மனிதர்கள் உண்மையைக் கொட்டிவிடுவார்கள். வாயைப் பிடுங்குவதில் அவளை மிஞ்ச அந்த மாடியில் ஆள் கிடையாது.

அப்படிப் பிடுங்கியதில் ஒன்று தெரிந்தது. திருடனுக்குப் பயந்து வாங்கியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடத் தேறவில்லை. ஒரு மாமியார், மருமகள் எத்தனை மணிக்குப் படி இறங்கினாள் என்று பார்க்கிறாள். ஒரு அப்பா, மகள் யார் வண்டியில் வந்து இறங்கினாள் என்று பார்க்கிறார். ‘வெளியாள் வருவதைப் பற்றி இவர்களுக்குக் கவலையே இல்லை. வீட்டாள் எப்போது திரும்புகிறார் என்பதுதான் இவர்களுக்கு வேண்டும்’ என்று அறிக்கையில் எழுதினாள். கோபமாகத்தான் எழுதினாள். கம்பெனிக்காரன் கோபத்தைக் கோபமாகப் படிப்பான் என்று நினைத்தாளே, அந்த அசட்டுத்தனத்தை என்னவென்று சொல்வது! மேலாளர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். நான்கே மாதத்தில் ‘வழக்கமான நேரம்’ என்று ஒரு புது வசதி வந்தது. வீட்டில் ஒவ்வொருவரும் திரும்ப வேண்டிய நேரத்தைப் போட்டு வைத்தால் போதும், தாமதமானால் கைப்பேசி கத்தும்.

ஏனக்காவின் வீட்டு வாசலிலும் அதே கேமராதான்.

அவளுக்கென்று ஒரு நாளில் இருந்தது அரை மணி நேரம். வேலை முடிந்து வரும்போது இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருக்கும் வாசகசாலையில் ஜன்னலோரமாக உட்காருவாள். கள்ளக்காதல் ஏதாவது வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். அவள் அங்கே புத்தகம்கூட எடுத்ததில்லை. சும்மா இருப்பாள், அவ்வளவுதான். வீட்டில் கால் வைத்தால் படுத்த படுக்கையான மாமியாருக்கு மருந்து, உடை மாற்றல், சமையல், துவைக்கிற துணி என்று விளக்கணைக்கிற வரை அவள் அவளுக்குச் சொந்தமில்லை. அந்த அரை மணி இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நிஜமாகவே நம்பினாள்.

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். கை ஓங்காதவன், குரல் உயர்த்தாதவன். ஒரு நாள் கைப்பேசியைச் சந்தோஷமாக நீட்டினான்.

“பாரு, உன் ஐடியாதானே இது! அஞ்சு மணிக்கு ஆபீஸ் விடுது. பஸ் முப்பத்தஞ்சு நிமிஷம், நடை அஞ்சு நிமிஷம். அஞ்சு நாப்பதுன்னு போட்டிருக்கேன்.”

“பஸ் லேட்டாச்சுன்னா?”

“நான் ஃபோன் பண்ணிக் கேப்பேன்ல?”

கேட்டான். முதல் வாரம் மூன்று நாள் வாசகசாலையில் அவள் கைப்பேசி அலறி, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் முறைத்தார்கள். இரண்டாவது வாரம் அவள் இறங்குவதை நிறுத்திவிட்டாள். பஸ் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மூன்றாவது வாரம், புது வசதியை வைத்திருப்பவர்களிடம் கருத்துக் கேட்கச் சொல்லி உத்தரவு. புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று மேலாளர் அவர்களை அவள் பக்கத்தில் உட்காரவைத்தார். எல்லோர் காதிலும் ஹெட்ஃபோன். நான்காவதாகத் திரையில் வந்தது ஏனக்காவின் கணவனுடைய எண். தாண்டிவிடலாம் என்பதற்குள், அது யாரென்று தெரியாத மேலாளர் பட்டனை அழுத்திவிட்டார்.

“வணக்கம் சார். கேமரா கம்பெனியிலேருந்து பேசறோம். ரெண்டு நிமிஷம் பேசலாமா?”

“பேசுங்க மேடம்.” பேசுவது யாரென்று தெரிந்துகொண்ட சிரிப்பு அவன் குரலில். மற்றவர்கள் கேட்பது அவனுக்குத் தெரியாது.

“இந்தப் புது வசதி உங்களுக்கு எதுக்குப் பயன்படுது சார்?”

“பாதுகாப்புக்குத்தான். என் வீட்டுக்காரம்மா தனியா பஸ்ல வர்றாங்களே.”

“அவங்க என்ன சின்னக் குழந்தையா சார்? நேரம் எதுக்குப் பார்க்கணும்?”

“அம்மாவுக்கு முடியல மேடம். அவ வந்தாத்தான் வீடே ஓடும்.”

மேலாளர் புதுப் பெண்களைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். இனிமேல்தான் விஷயம், கவனியுங்கள் என்று அர்த்தம். பதிலுக்குப் பயந்து ஏனக்கா ஒரு கேள்வியைக் கேட்டது அன்றைக்குத்தான்.

“ஏன் சார்?”

காத்திருந்தாள். மறுமுனையில் சிரிப்பு அடங்கியது.

“முன்னெல்லாம் தினமும் அரை மணி நேரம் லேட்டா வருவா. நான் கேட்டதில்ல. ரெண்டு மாசம் முன்னாடி அந்த வழியா வரும்போது பார்த்தேன். வாசகசாலை ஜன்னல் பக்கம் சும்மா உக்காந்திருந்தா. மூஞ்சியில அப்படி ஒரு நிம்மதி. என் வீட்டுல நான் அதைப் பார்த்ததே இல்ல. அப்பத்தான் பயம் வந்துச்சு. இவ ஒரு நாள் திரும்பி வரவே மாட்டாளோன்னு.”

அவளுக்குக் கண் கலங்கியது. தெரிந்தேதான் அந்த அரை மணியைப் பிடுங்கியிருக்கிறான் என்று கோபம் வந்தது. பாவம் என்றும் இருந்தது. இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வதென்று தெரியவில்லை. படிவத்தில் கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது.

“இந்த வசதியைத் தொடர்ந்து வச்சுக்க விரும்பறீங்களா சார்?”

“அவ சொன்னா இப்பவே எடுத்துடறேன் மேடம்.”

சொல்லிவிட்டு அவன் பேசாமல் இருந்தான். இப்போது காத்திருப்பது அவன். எடுத்துவிடு என்றால் போகப்போகிறேன் என்றுதான் அவன் காதில் விழும். புதுப் பெண்கள் பேனாவைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வச்சுக்கோங்க சார்,” என்றாள் ஏனக்கா.

“அருமை!” என்ற மேலாளர் அடுத்த எண்ணை அழுத்தினார்.