ரமீஜா சொன்ன அர்த்தம்

தம்மாமில் பத்தொன்பது வருஷம் கிடங்கு வண்டி ஓட்டிவிட்டு கமருஸ்ஸமான் முல்லா வீதிக்குத் திரும்பியபோது அவரோடு வந்தவை இரண்டு பெட்டி, ஒரு முதுகுவலி, ஒரு அரபுச் சொல். பெட்டிகளில் இருந்ததைச் சொந்தக்காரர்கள் ஒரே வாரத்தில் பங்கு போட்டுக்கொண்டார்கள். முதுகுவலிக்கு ரமீஜா எண்ணெய் தேய்த்தாள். சொல் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

கலாஸ்.

முடிந்தது என்று அர்த்தம். ஆனால் உலகத்தில் முடிகிற காரியம் ஒன்றா இரண்டா? சோறு போதும் என்பதற்கும் அவர் கலாஸ் என்றுதான் கையைக் குறுக்கே நீட்டுவார். தொழுதுவிட்டு வந்தாலும் கலாஸ். ரமீஜாவும் மகள் சானியாவும் வாக்குவாதம் செய்தால் நடுவில் வந்து சொல்கிற கலாஸுக்கு, விடுங்கள் என்று அர்த்தம். பேரம் படிந்தாலும் அதுதான், படியாவிட்டாலும் அதுதான். கிடங்கில் மேலாளர் எகிப்துக்காரர், சுமை ஏற்றுகிறவர்கள் வங்காளிகள், கணக்கு மலையாளி. அத்தனை பேருக்கும் பொதுவாகப் புரிந்த ஒரே வார்த்தை அது என்பதால் வேறு எதையும் கற்றுக்கொள்ள அவருக்கு அவசியம் நேரவில்லை. ஊருக்கு வந்தபிறகு தமிழிலும் அவசியம் குறைந்துபோனது.

சங்கடம் என்னவென்றால், இந்த ஊருக்கு அந்தச் சொல் அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. இங்கே ஆள் கலாஸ் என்றால் ஆள் காலி. வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் சின்னப்பொண்ணு ஒருநாள் கூடையை இறக்கியபடி, ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போயிருந்த அவருடைய அண்ணனைப் பற்றி விசாரித்தாள். "கலாஸ்" என்றார் கமருஸ்ஸமான் நிம்மதியாக. எல்லாம் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று சொன்னதாக அவர் நினைப்பு. சின்னப்பொண்ணு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "தங்கமான மனுசனாச்சே பாய், போன வாரங்கூட எங்கிட்ட சுறா வாங்கினாரே" என்று அவள் அழ, என்ன செய்வதென்று தெரியாமல் அவர் மறுபடியும் "கலாஸ், கலாஸ்" என்று சமாதானம் சொல்ல, அழுகை கூடியது. உள்ளேயிருந்து ரமீஜா ஓடி வந்து, ஆள் உயிரோடு இருக்கிறார், நேற்று இடியாப்பம் சாப்பிட்டார் என்று சொன்னபிறகுதான் மீன் எடைக்கு வந்தது.

அதிலிருந்து யாருக்குச் சந்தேகம் வந்தாலும் ரமீஜாவைத்தான் பார்ப்பார்கள். அவளுக்கு மட்டும் எந்தக் கலாஸ் எது என்று தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? மருதாணிச் சிவப்பு மங்குவதற்குள் விமானம் ஏறிப்போன கணவனோடு அவள் நடத்திய குடும்பம் முழுவதும் அந்தச் சொல்லில்தான் நடந்தது. முதலில் டெலிபோன் பூத்தில், பிறகு கைபேசியில். இழுத்துச் சொன்னால் களைப்பு. வெட்டிச் சொன்னால், அதைக் கேட்காதே. மூச்சோடு சேர்ந்து வந்தால் ஊர் ஞாபகம். சானியா பிறந்த செய்தியைப் போனில் சொன்னபோது மட்டும் அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு கலாஸ் சொன்னார். அது எந்த வகை என்று பிடிபடாமல் பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பல நாள் யோசித்திருக்கிறாள். அழுதிருப்பார் என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள்.

சானியாவுக்கு இப்போது கல்யாண வயது. ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மருந்து கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. காரைக்காலிலிருந்து வந்த சம்பந்தம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. பையன் பெயர் அர்ஹம். இன்ஜினியர், தோஹாவில் வேலை, லீவில் வந்திருக்கிறான். தகப்பனார் பதுருத்தீன் மரைக்காயருக்குக் காரைக்கால் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்க அவர் மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பையனின் தாயார் உள்ளே சானியாவோடு பேசிக்கொண்டிருந்தார். ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டுக்கும் நடுவில், கதவுத் திரையைப் பிடித்தபடி ரமீஜா நின்றாள். அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது.

மரைக்காயர் நிதானமாகப் பேசுகிறவர். சாயாவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"சீர்செனத்தின்னு நாங்க எதுவும் கேக்கல. ஹராம். நிக்காஹ்வ மட்டும் சீக்கிரம் வச்சிடணும். பையன் திரும்பிப் போகணும் பாருங்க. பொண்ணு எங்க வீட்டோட இருக்கட்டும், மகளாட்டம் பாத்துக்குவோம். வேலைக்கெல்லாம் போக வேண்டியதில்ல. அவன் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் வந்துட்டுப் போவான். தெனம் போன்ல பேசிக்கலாம். நம்ம ஜனத்துல இதொண்ணும் புதுசில்லயே, நீங்களும் அப்படித்தானே இருந்தீங்க?"

ரமீஜாவின் கை திரையை இறுக்கியது. இப்போது இவர் ஏதாவது கேட்பார், பெண்ணையும் கூட அழைத்துப் போகட்டும் என்றாவது ஒரு பேச்சு சொல்வார் என்று கணவனின் பின்னந்தலையையே பார்த்தாள்.

கமருஸ்ஸமான் தொடையில் ஒரு தட்டு தட்டினார். "கலாஸ்" என்றார்.

அடிக்குரலில் ஆரம்பித்து அழுத்தி நிறுத்திய கலாஸ். பேரம் படிந்தது, சரி, சம்மதம். ரமீஜாவுக்கு அதில் துளியும் சந்தேகமில்லை.

மரைக்காயருக்கு இருந்தது. அவர் காரைக்கால் கடைத்தெருவைத் தாண்டி வெளிநாடு எதையும் பார்க்காதவர். "கலாஸ்னா என்ன பாய்? முடிச்சிடலாங்கிறீங்களா, முடிஞ்சிடுச்சுங்கிறீங்களா?"

கமருஸ்ஸமான் பழக்கதோஷத்தில் திரையின் பக்கம் திரும்பினார். மரைக்காயரும் திரும்பினார். தலை குனிந்திருந்த அர்ஹமும் நிமிர்ந்தான்.

"இதோட முடிச்சுக்கலாங்கிறாங்க" என்றாள் ரமீஜா. குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "இந்தச் சம்பந்தம் ஒத்துவராதுன்னு சொல்றாங்க. நீங்க மனசுல எதுவும் வச்சுக்காதீங்க."

இப்போது அவர் எழுந்து, இவளுக்கென்ன பைத்தியமா என்று கத்துவார் என்று ரமீஜா காத்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அர்ஹம் அவரை ஒருமுறை, அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்லது" என்று எழுந்தார் மரைக்காயர். "அத போன்லயே சொல்லியிருந்தா நாலு மணி நேரம் பஸ்ஸுல வந்திருக்க மாட்டோம்."

பிரியாணியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பினார்கள். வாங்கிச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்ற பதில் யாருக்கும் நம்பும்படியாக இல்லை, கறி அவ்வளவு போட்டிருந்தது.

சாயங்காலம் கமருஸ்ஸமான் கேட்டார். "நான் சொன்னது அதுவா ரமீஜா?"

"இல்ல."

"பின்ன?"

"நீங்க சொன்னதும் தெரியும், நான் சொன்னதும் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். இத்தன வருஷம் நீங்க சொன்னத ஒரு எழுத்து மாத்தாம ஊருக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு மாத்தினேன். நீங்க வாயத் தொறந்திருக்கலாமே, ஏன் தொறக்கல?"

"சொல்லும்போது சரின்னு நெனச்சுத்தான் சொன்னேன். நீ அப்படிச் சொன்னதும், அதத்தான் சொல்ல வந்தேனோன்னு ஆயிடுச்சு. மொத லீவுல வந்தப்ப சானியா என்னப் பாத்துட்டு, யாரும்மா இந்த மாமான்னு கேட்டாளே. அது ஞாபகம் வந்துச்சு."

பெரிய காரியம் சாதித்த களைப்பில் ரமீஜா இதை மகளிடம் சொல்லப்போனாள். நன்றியை எதிர்பார்த்தாள் என்றுகூடச் சொல்லலாம். சானியா மறுநாள் வேலைக்கான துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அவரப் புடிச்சிருந்துச்சும்மா" என்றாள் நிமிராமல். "அங்க கூட்டிட்டுப் போவீங்களான்னு நானே கேக்கலாம்னு இருந்தேன். அத்தா ஒரு அர்த்தத்துல முடிச்சாங்க, நீங்க இன்னொரு அர்த்தத்துல முடிச்சீங்க. என்ன யாரும் கேக்கல."

அந்த வாரம் முழுவதும் வீட்டில் யாரும் கலாஸ் என்று சொல்லவில்லை. சோறு போதும் என்பதைக் கமருஸ்ஸமான் தட்டின்மேல் கைவைத்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரத்தில் வாசலில் ஸலாம் கேட்டது. அர்ஹம் தனியாக வந்திருந்தான். பஸ்ஸில் வந்த கசங்கல் சட்டையில் தெரிந்தது. ரமீஜா உட்காரச் சொன்னாள். தண்ணீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

"மாமி, ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். அன்னிக்கு மாமா சொன்ன கலாஸ் சரிங்கிற கலாஸ். எனக்குப் புரிஞ்சுது. நானும் அங்க அதையேதானே கேட்டுக்கிட்டிருந்தேன். நீங்க மாத்திச் சொன்னீங்க."

ரமீஜாவுக்கு முகம் சுட்டது. "தெரிஞ்சுமா தம்பி சும்மா உக்காந்திருந்தீங்க?"

"எனக்கு நிம்மதியா இருந்துச்சு மாமி." தம்ளரைக் கீழே வைத்தான். "என்ன கம்பெனியில கலாஸ் பண்ணிட்டாங்க. விசா கேன்சல். நான் லீவுல வரல. வந்துட்டேன், அவ்வளவுதான்."

கலாஸுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருப்பது ரமீஜாவுக்கே அன்றுதான் தெரிந்தது. "வீட்டுக்குத் தெரியுமா?"

"வாப்பாவுக்குத் தெரியும். நிக்காஹ் முடிஞ்சு பக்குவமா சொல்லிக்கலாம்னாங்க. தோஹா மாப்பிள்ளைன்னா பொண்ணு வீட்டுல கேள்வி கேக்க மாட்டாங்களாம்."

"அப்போ ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் வந்துட்டுப் போறது?"

"எங்கயாச்சும் போனாத்தானே மாமி, வர்றதுக்கு."

ரமீஜா எதற்காகப் பொய் சொன்னாளோ அந்தப் பிரிவே இல்லை என்றாகிவிட்டது. அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது போய்ச் சேர்வதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பையன் பயந்துபோய் எழுந்து நின்றான். அவளுக்கு அந்த நிமிஷமே அவனைப் பிடித்துப்போயிற்று.

தொழுகை முடிந்து வந்த கமருஸ்ஸமானிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"வேலையில்லாத பையனா?" என்றார். பிறகு ஒரு வாரத்துக்கு அப்புறம் அந்தச் சொல்லைச் சொன்னார். "கலாஸ்." வெட்டிச் சொன்னார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அர்ஹம் ஸலாம் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினான்.

காலை ஷிப்ட் முடிந்து வந்த சானியா படியில் அவனை எதிர்கொண்டாள். அவனே சுருக்கமாகச் சொல்லிவிட்டான். அவள் தோள்பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும்."

"இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?"

"ஊருல, பொண்ணு வீட்டுக்காரங்க வரச்சொல்லி அவமானப்படுத்திட்டாங்கன்னு வாப்பா பேசிக்கிட்டிருக்காங்க. அதக் கேட்டுக்கிட்டு சும்மா இருக்க முடியல."

சானியா அவனைக் கொஞ்சநேரம் பார்த்தாள். தரம் பார்க்கிறவளின் பார்வை. "சாப்பிட்டுப் போங்க" என்றாள். "அன்னிக்குப் பிரியாணி இந்தத் தெருவே சாப்பிட்டுச்சு. நீங்கதான் சாப்பிடல."

அதற்குப் பிறகு வீட்டில் கட்சி மாறியது. வேண்டாம் என்று கெடுத்த ரமீஜா, நாலு மணி நேரம் பயணம் செய்து வந்து உண்மையைச் சொன்ன பையன் வேறு எங்கே கிடைப்பான் என்றாள். சம்மதம் சொன்ன கமருஸ்ஸமான், சும்மா இருப்பவனுக்குப் பெண் கொடுப்பதாவது என்றார். அர்ஹம் பக்கத்திலேயே சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டான். தோஹா சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய சம்பளமில்லை. அப்போதும் அவர் அசையவில்லை. சந்தேகத்துக்கே இடமில்லாத தமிழில் "ஆகாது" என்றார்.

கடைசியில் சானியாதான் அவரைக் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப்போனாள். நகராட்சியின் மேரி கட்டடத்தைத் தாண்டும்போது கேட்டாள்.

"அத்தா, அன்னிக்கு மரைக்காயர் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"கலாஸ்னு சொன்னேன்."

"எந்தக் கலாஸ்?"

"சரிங்கிற கலாஸ்தான். உங்கம்மாதான் மாத்திட்டா."

"அப்போ அம்மா சொன்னது தப்பு, நீங்க சொன்னதுதான் உங்க வார்த்தை. சபையில வச்சுக் குடுத்த வார்த்தை அத்தா. அத இன்னும் நீங்க திருப்பி எடுத்துக்கல."

கமருஸ்ஸமான் கடலைப் பார்த்துக்கொண்டு வெகுதூரம் நடந்தார். பத்தொன்பது வருஷம் எகிப்துக்காரனிடமே சிக்காதவர், சொந்த மகளிடம் சிக்கிக்கொண்டார். கட்டைச் சுவரில் உட்கார்ந்து சுண்டல் வாங்கிக் கொடுத்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சானியா வீட்டுக்கு வந்து சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. பத்திரிகை அடிக்கும்போது மட்டும் மரைக்காயர் ஒரு பிடிவாதம் பிடித்தார். மகனின் பெயருக்குக் கீழே தோஹா என்று போட்டே ஆகவேண்டும், காரைக்காலில் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது என்றார். ஊர்ப்பெயர்தானே, போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அதனால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவரும் மாப்பிள்ளையிடம் எப்போது பயணம் என்று கேட்டார்கள். அவன் மாமனாரைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்தார். "லீவு நீட்டிச்சிருக்காங்க" என்றான்.

வருஷம் இரண்டாகப் போகிறது. தினமும் காலையில் அர்ஹம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சேதராப்பட்டு பஸ் பிடிக்கிறான். காரைக்காலில் கடைக்கு வருகிறவர்கள் மகன் இன்னும் புறப்படவில்லையா என்று விசாரிக்கும்போது, ஆணியை எடை போட்டபடியே மரைக்காயர் சொல்கிறாராம், "நல்ல கம்பெனிங்க, லீவெல்லாம் தாராளமாக் குடுக்கறான்."