பழைய செட்டிங்ஸை வைத்திருக்கவா?

ரெனால்ட் கட்டாரில் இருந்தான், நதீஷா கொட்டாஞ்சேனையில் இருந்தாள். நடுவில் ஒரு கடலே கிடக்கிறது. அப்படியிருந்தும் இங்கே இவள் தும்மினால் அங்கே அவனுக்குத் தெரிந்துவிடும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. "இண்டைக்கு ஏன் அந்தப் பச்சைச் சட்டை?" என்று போனில் கேட்பான். "மத்தியானம் யாரோட அவ்வளவு நேரம் கதைச்ச?" என்பான். குரல் மட்டும் தேனாக இருக்கும். அந்தத் தேனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவளுடைய இடது மணிக்கட்டுக்குத் தெரியும். அது முறிந்த அன்று, குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் அவள்தான்.

அவனுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? இதற்கு ஒரு விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டுமா என்ன! வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒன்று அவள், மற்றது அவனைப் பெற்ற மாமி கொன்ஸ்ரன்ஸ். எந்த மருமகளை எழுப்பிக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு மாமியார் பக்கம்தான் கையை நீட்டுவாள். நதீஷாவும் நீட்டினாள். அன்றிலிருந்து மாமியோடு பேச்சை அறுத்துவிட்டாள். சோறு போட்டு வைப்பாள், பிரஷர் மாத்திரை எடுத்து வைப்பாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். மாமி லேசுப்பட்ட ஆளா? "பேசாட்டிப் போ" என்று அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பெண்கள் ஊமைகளைப் போல நடமாடினார்கள்.

இப்போது ரெனால்டின் வேலை ஒப்பந்தம் முடிகிற காலம். அவன் வந்து இறங்குவதற்குள் போய்விட வேண்டும், போகிற இடம் அவனுக்கு ஒருநாளும் தெரியக்கூடாது. நதீஷாவின் உயிர் இந்த ஒரு விஷயத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த சுபோதினி மட்டக்களப்பில் ஒரு வேலையும் அறையும் பார்த்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு பஸ் டிக்கட்டும் எடுத்தாயிற்று. எல்லாக் கதையும் போனில்தான், அதுவும் வீட்டுக்கு வெளியே நின்றுதான். அந்தப் போன் அவன் போன பிறகு வாங்கியது, அவன் கை படாதது.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்டானே ஒரு கேள்வி. "வெள்ளிக்கிழமை நீ வீட்டிலதானே இருப்ப? சும்மா கேட்டன்." கேட்டுவிட்டுச் சிரித்தான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மாமி வழக்கம்போல கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டார். நதீஷா வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள் அது. ஹோலில் ஆண்டவரின் திருஇருதயப் படத்துக்கு நேர் கீழே கம்பியூட்டர் மேசை. படத்தின் சிவப்பு பல்புக்கும் கம்பியூட்டருக்கும் அந்த வீட்டில் ஒரே பிளக்தான். துறைமுகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கிற கிளியரிங் ஒபீஸ் ஒன்றில் அவளுக்கு வேலை. வீட்டிலிருந்தபடியே ஒபீஸ் கம்பியூட்டருக்குள் புகுந்து வேலை செய்ய ஒரு மென்பொருள் உண்டு, எல்லாரும் அதை ரிமோட் என்பார்கள். போவதற்கு முன் ரெனால்ட் தன் கையாலேயே அதைப் போட்டுக் கொடுத்தான். "நீ ஏன் பஸ்ஸில அலைய வேணும்" என்றான். அவன் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று அவள் நினைத்திருந்தாள், பாவி.

ஒபீஸில் கம்பியூட்டர் பார்க்கிற ஸப்வான் நானா போனில் வந்தார். "தங்கச்சி, ரிமோட்டுக்குப் புது வேர்ஷன் வந்தீக்கி. பழையது இந்தக் கிழமையோட சரி. போடக்குள்ள, பழைய செட்டிங்ஸ வெச்சிக்கவாண்டு கேக்கும். ஓம் போடுங்க. இல்லாட்டி கனெக்‌ஷன் எல்லாத்தையும் திரும்ப நான்தான் வந்து எழுதணும், என்ட உசிர் போய்ரும்."

"சரி நானா" என்று போட ஆரம்பித்தாள். பழையது தன்னை மூடிக்கொண்டது. பச்சைக் கோடு ஊர்ந்தது. கேட்கும் என்று சொன்ன கேள்வியையும் கேட்டது. ஓம் போட்டாள். ஒபீஸ் கனெக்‌ஷன்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து உட்கார்ந்தன. அப்பாடா என்று கையை எடுக்கப் போனவளுக்கு இன்னொரு பக்கம் திறந்தது. பழைய வேர்ஷன் எந்த மூலையில் ஒளித்து வைத்திருந்ததோ, புதியது பளிச்சென்று காட்டியது.

அனுமதி கேட்காமல் இந்தக் கம்பியூட்டருக்குள் வரக்கூடியவர்: ரெனால்ட். திரை, கமரா, மைக் மூன்றுக்கும் அனுமதி உண்டு. கடைசியாக வந்தது இன்று காலை. தொடர்ந்து வைத்திருக்கவா, நீக்கவா?

திரைக்கு மேலே இருந்த கமராவைப் பார்த்தாள். கமரா ஓடும்போது எரிகிற சின்ன விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. "கண் கூசும்" என்று போகும்போது ஒட்டியவன் அவன்தான். பச்சைச் சட்டை, மத்தியானக் கதை எல்லாம் இந்த ஓட்டையால்தான் போயிருக்கிறது. மாமி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐயோ ஆண்டவரே, அந்த மனுசியை நான் என்ன பாடு படுத்திவிட்டேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

குசினிக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு ஸப்வான் நானாவைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"இப்ப அந்தப் பக்கத்தால என்னைப் பாக்க ஏலுமா நானா?"

"புதுசு போட்டு முடியும் வரைக்கும் யாருக்கும் ஏலாது. நீங்க கடைசி பட்டன அமத்தினாத்தான் திரும்பத் தொறக்கும்."

"அந்த ஆள நீக்கினா?"

"நீக்கினா அவருக்கு உடனே மெசேஜ் போகும். பிளக்கப் புடுங்கி வெச்சாலும் சந்தேகம் வரும்தானே. யாரு தங்கச்சி அது?"

"வீட்டுக்காரர்."

நானா குரலைத் தாழ்த்தினார். "அல்லாஹ். கவனம் தங்கச்சி. ஒபீஸுக்குச் சுகமில்லண்டு நான் சொல்லிக்கிறேன்."

திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். நீக்கினால் இன்றைக்கே தெரிந்துவிடும், இன்றைக்கே பிளேன் ஏறினாலும் ஏறுவான். வைத்திருந்தால் அந்தக் கண்ணுக்கு முன்னால் வெள்ளிக்கிழமை வரை நாடகம் ஆட வேண்டும். கடவுளே, எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு பட்டனை அழுத்துகிற நிலைமை வரக்கூடாது. பழையபடி வைத்திரு என்பதை அழுத்தினாள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு ஒபீஸ் வேலையைத் திறந்தாள். எழுத்து ஒன்றும் கண்ணில் படவில்லை.

மாமி மத்தியானத்துக்கு முன்னமே வந்துவிட்டார். அந்த நேரம் நதீஷா குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். மாமி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார். மாமியின் செபம் எப்போதும் சத்தமானது. ஆண்டவருக்குக் காது கேட்காதோ என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள். மாமி வாயைத் திறந்தாலே எழுந்து போய்விடுகிற நதீஷா அந்தச் செபத்தை ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டாள்.

"ஆண்டவரே, அந்தப் பிள்ள வெள்ளிக்கிழம போகுது. வழியில ஒரு தடையும் வரக்கூடாது. என்ட மகன அங்கயே வெச்சிரும். அவன் வந்தா இந்தப் பிள்ள உசிரோட மிஞ்சாது."

நதீஷாவின் கையிலிருந்த கோப்பை நழுவிப் போயிற்று. ஓடிப்போய் மாமியின் வாயைப் பொத்தவும் முடியாது, கமரா பார்க்கும். "மாமி! பால் பொங்குது, ஓடி வாங்க!" என்று கத்தினாள். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவள் மாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மாமி பதறிக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் பாலுமில்லை, ஒன்றுமில்லை. நதீஷா கதவைச் சாத்தி, சத்தத்துக்குக் குழாயைத் திறந்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள்.

மாமி அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். "நான் ஆண்டவருக்குச் சொன்னதெல்லாம் அவன் கேட்டானா?"

"நான் போறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"டிக்கட்டக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சா நான் பாக்க மாட்டனா? உனக்கு விசரா? கண்ட நாளிலயிருந்து ஒவ்வொரு நாளும் வேண்டுறன்."

"ஊர் பேர் சொன்னீங்களா மாமி?"

"ஏன் சொல்லுறன்? ஆண்டவருக்குத் தெரியாத ஊரா?"

நதீஷா மாமியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவனுக்கு நாள் தெரிந்திருக்கிறது, அதுதான் ஞாயிற்றுக்கிழமை சிரித்திருக்கிறான். வெள்ளிக்கிழமைக்கு முன் வந்து நிற்கப் போகிறான். ஆனால் ஊர் தெரியாது. அழுகையை அடக்கிக்கொண்டு, நாளைக்கே போய்விடுகிறேன் என்றாள். பிறகு இன்னொன்றும் கேட்டாள். அதைக் கேட்டதும் மாமியின் முகம் வெளிறிவிட்டது.

"திருஇருதயத்துக்கு முன்னுக்கு நிண்டு என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியா?"

"வேற வழி இல்ல மாமி."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மாமி எழுந்தார், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார், ஹோலுக்கு நடந்தார். நதீஷாவும் பின்னால் போய், வேலை செய்வதுபோல கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். முகத்தில் எதுவும் தெரியக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பின்னால் மாமியின் குரல் எழும்பியது.

"ஆண்டவரே, வெள்ளிக்கிழம விடிய ஹெந்தளைக்குப் போற பிள்ளையப் பாத்துக்கொள்ளும். என்ட தங்கச்சி வீட்டுத் திறப்ப நான்தான் குடுத்தன். அங்க பிள்ளையப் பத்திரமா வெச்சிரும்."

தங்கச்சி குடும்பம் இத்தாலிக்குப் போய் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி மாமியிடம். அங்கே போனால் அவனுக்குப் பூட்டுத்தான் கிடைக்கும். ஆனால் சொல்லி முடித்த மாமி ஆமென் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் அவர் வாயில் வரவே இல்லை. தாயின் செபத்தைக் கேட்டு வளர்ந்தவன் அவன். ஆமென் இல்லாத செபம் அவன் காதில் உறுத்துமா, உறுத்தாதா?

பின்னேரம் அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"எப்பிடி இருக்கிற?"

"காய்ச்சல் மாதிரி இருக்கு."

"அச்சச்சோ. படுத்துக்கொள்." கொஞ்சம் நிறுத்தினான். "ஹெந்தளைப் பக்கமெல்லாம் மழையாமே. சின்னம்மாட வீட்டக் கழுவித் துடைக்க யாருமில்ல, பாவம்."

நம்பிவிட்டானா, இல்லை விளையாடுகிறானா? அவன் குரலில் அதைக் கண்டுபிடிக்க இதுவரை அவளால் முடிந்ததே இல்லை. "ஓம், மழைதான்" என்றாள். போனை வைத்தபோது உடம்பு உண்மையாகவே காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் அறைக்குள் பையைக் கட்டினாள். முன் கதவு கமராவுக்கு நேரே இருந்ததால் அந்த வழி ஆகாது. பையை முதலில் ஜன்னலால் வெளியே இறக்கிவிட்டு, காய்ச்சலுக்கு அடுப்படிச் சூட்டில் படுக்கப் போகிறவள்போலப் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஹோலைக் கடந்து குசினிக்குப் போனாள். அந்தச் சின்னத் தூரத்தைக் கடப்பதற்குள் செத்துப் பிழைத்தாள்.

குசினிக் கதவருகே மாமி நின்றார்.

"நீங்களும் வாங்க மாமி. அவர் வந்தா உங்களச் சும்மா விட மாட்டார்."

"ரெண்டு பேரும் போனா வீடு ஊமையாப் போயிரும். ஒரு மணித்தியாலத்தில அவனுக்கு விளங்கிரும்." மாமி அவளுடைய பழைய முறிவுக் கையைப் பிடித்துத் தடவினார். "பெத்தது நான். வந்து கதவத் தட்டினா திறக்க ஒராள் வேணும்தானே. போ."

"மாமி..."

"போ எண்டு சொன்னன்!"

பின் கதவு சாத்திக்கொண்டது. நதீஷா பையை எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினாள். அறை ஜன்னலைத் தாண்டும்போது குசினியிலிருந்து மாமியின் குரல் கேட்டது. வழக்கத்தைவிடப் பலத்த குரல், மைக்குக்குக் கேட்க வேண்டுமல்லவா.

"நதீஷா, கஞ்சி கொண்டுவந்திருக்கிறன். எழும்பிக் குடி மகள்."

பிறகு சத்தம் இல்லை. ஒருத்தி முனகிப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் மாமி அங்கே காத்திருந்தார்.

"சரி, சரி. வேணாமெண்டா படு. நான் பக்கத்திலதான் இருக்கிறன்."

ஓம் மாமி என்ற சொல் நதீஷாவின் தொண்டை வரை வந்துவிட்டது. இத்தனை காலம் எவ்வளவு சுலபமாகப் பதில் சொல்லாமல் இருந்தாள்! இன்றைக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்ல உயிர் துடித்தது, சொன்னால் இரண்டு பேருக்கும் முடிவு. வாயைக் கையால் பொத்திக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடினாள்.