நல்ல கொழுப்பு சேராத உடம்பு

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. ஒரு மாத இதழ் நல்ல கொழுப்பைப் பற்றி என்னிடம் கட்டுரை கேட்டது. மீன், வால்நட், ஆளி விதை என்று அடுக்கிவிட்டு, "தினமும் ஒரு கைப்பிடி" என்று முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது: "நாம் உண்ணும் நல்ல கொழுப்பு உடம்பில் சேர வேண்டுமானால் முதலில் பித்தநீர்..."

அங்கேயே கை நின்றுவிட்டது. பித்தநீர் வராத ஒரு குழந்தையை நினைத்துத் தொலைத்தேன். கட்டுரை அத்தோடு போச்சு.

2

அந்தக் குழந்தையின் அப்பனுக்கு விஜயபாண்டி என்று பெயர் வைக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவன். மனைவி வெங்கடேஸ்வரி (இனி ஈஸ்வரி) பிரசவத்துக்குப் போய் ராஜபாளையத்தில் தாய் வீட்டில் இருக்கிறாள். (அந்த ஊர் என்றாலே பால்கோவாவா என்று சலித்துக்கொள்வீர்கள். மில் வேலை கொடுத்துப் பார்த்தேன். ஆனால் அவன் செய்த தப்பு வேறு வேலை பார்க்கிறவனுக்கு வராது.)

பெண் குழந்தை. பிறந்து நாளாகியும் கண் மஞ்சளாகவே இருந்தது. காலை வெயிலில் காட்டினார்கள். ஈஸ்வரி எண்ணெய், நெய் எல்லாவற்றையும் விட்டுப் பத்தியம் இருந்தாள். தாய் வாயைக் கட்டினால் பிள்ளைக்குக் காமாலை இறங்கிவிடும் என்று தெருவே சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்திருந்தபோது, பிள்ளையின் மலத்துணியை மாற்றிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, இது என்ன இம்புட்டு வெள்ளையா போகுது?"

"ஏட்டி, பால்கோவா கிண்டுறவன் பிள்ளைல. வேற எப்படி இருக்கும்?"

வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே இரண்டு மாதத்துக்கு மேல் போய்விட்டது.

3

மதுரையில் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணியில கழுவினா போகுமா? சோப்பு வேணும்ல. வயித்துக்குள்ள அந்த வேலையைப் பித்தநீர் செய்யும். ஈரல்ல இருந்து அது குடலுக்கு வர்ற குழாய் இவளுக்கு அடைஞ்சிருக்கு. மலத்துக்கு நிறம் கொடுக்கிறதும் அதுதான்."

[குறிப்பு: பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக்கும். கணைய நொதி அதை வெட்டிக் கொழுப்பு அமிலமாக்கும். பித்தநீரே அதைக் குடல் சுவர்வரை சுமக்கும். அங்கிருந்து நிணநீர் வழியாக ரத்தத்துக்குப் போகும். மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது போகிற வழி இது. இதழுக்குக் கொடுத்திருக்க வேண்டிய பத்தி. இங்கே கிடக்கட்டும்.]

தாய்ப்பாலில் இருந்த நல்லதில் பெரும்பங்கு துணியோடு போய்க்கொண்டிருந்தது. விஜயபாண்டிக்கு அதுவரை புரிந்தது. அடுத்ததுதான் புரிய மறுத்தது.

"முன்னாலேயே வந்திருந்தா குழாய்க்கு ஆபரேஷன் பண்ணிப் பார்த்திருக்கலாம். ஈரல் கெட்டுப்போச்சு. இனி வேற ஈரல்தான் வைக்கணும்."

பித்தநீர் அதிகம் இல்லாமலே சேரும் கொழுப்பு கலந்த பால்மாவு ஒன்றை எழுதிக் கொடுத்தார். அது தாக்குப்பிடிக்க மட்டும்தான்.

4

முதல் முடிவு: அப்பன் தன் ஈரலில் ஒரு துண்டைக் கொடுக்கிறான், குழந்தை பிழைக்கிறது. எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஸ்கேன் கெடுத்துவிட்டது. ஈஸ்வரியின் ரத்தம் பொருந்தவில்லை. அவனுடையது பொருந்தியது, ஆனால் ஈரல் முழுக்கக் கொழுப்பு. வாணலியை வழித்து வழித்துத் தின்ற உடம்பு. கொழுப்பேறிய ஈரலை எடுத்து வைக்க முடியாது, இளைத்துவிட்டு வா என்றார்கள்.

மகளுக்கு எதுவும் சேரவில்லை, அப்பனுக்குச் சேர்ந்தது இறங்கவில்லை. இந்தக் கொடுமையை நான் வேண்டுமென்றே வைத்ததாக நினைப்பீர்கள். வைத்தேன்தான். எடுத்துவிட்டுப் பார்த்தால் அவன் உட்கார்ந்து அழுகிறான், அவ்வளவே. இப்போது நடக்கவாவது செய்கிறான்.

இரண்டாம் முடிவு: ஒருநாள் விடியும்போது குழந்தை

(இல்லை. இதை எழுத மாட்டேன்.)

5

உடம்பு இளைக்க வேண்டுமே என்று, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையம்வரை பஸ் ஏறாமல் நடந்தே போகிறான். சட்டை தொளதொளத்துவிட்டது. போய்ப் பார்த்தால் குழந்தையின் கைகால் குச்சியாகிக்கொண்டிருக்கிறது, வயிறு மட்டும் வீங்குகிறது. இவன் இளைப்பது முந்துமா, அவள் இளைப்பது முந்துமா? எனக்குத் தெரியவில்லை. நம்பிக்கையும் இல்லை.

"பேரு வச்சிரலாமாங்க?" என்றாள் ஈஸ்வரி.

"ஆபரேஷன் முடியட்டும்ட்டி. பொறவு ஊரைக் கூப்பிட்டு வைப்போம்."

"முடியலைன்னா? பேரில்லாமலா போவா?"

அவன் சொல்வதற்கு எத்தனையோ பதில் எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். நீங்கள் அவன் இடத்தில் நின்று ஏதாவது சொல்லுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் காத்திருக்கிறாள்.