மான்ட்டியின் அப்பா

பிராக்கன்மியர் ஏரியைச் சுற்றி நடப்பவர்களுக்குப் பெயர் கிடையாது. அவர்களுடைய நாய்களுக்குத்தான் உண்டு. என் மனைவி நொரீன் அங்கே பல வருடங்களாகப் 'பெப்பரோட அம்மா'. பெப்பர் எங்கள் ஸ்பேனியல் நாய். எதிரே வருபவர்கள் குனிந்து பெப்பரிடம் நலம் விசாரிப்பார்கள், அதன் அம்மாவிடம் மழை வருமா என்று மட்டும் கேட்பார்கள். பெயரை முதல் வாரத்திலேயே கேட்டுக்கொண்டால் சரி. ஒரு வருடம் கழித்துக் கேட்டால், இத்தனை நாள் தெரியாமலா பேசினோம் என்று இரண்டு பேருக்கும் கூச்சமாகிவிடும். அதனால் எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை.

நான் நடக்கப் போகிறவன் இல்லை. எனக்குத் தோட்டம் போதும். ஆனாலும் மான்ட்டியின் அப்பாவை, பார்க்காமலே எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைத் தாடி, பச்சைத் தொப்பி, அதிகம் பேசாதவர். மான்ட்டி கறுப்பு லாப்ரடார், கிழடு, பின்னங்கால் இரண்டும் இழுக்கும். அது நடக்கும் வேகத்தில் அவர் நடப்பார். அவர் வேகத்தில் நொரீன் நடப்பாள். அரை மணியில் முடிகிற சுற்றுக்கு இவர்களுக்கு ஒரு காலைப்பொழுது ஆகும்.

பிப்ரவரியில் ஒரு நாள் நொரீன் சமையலறைக்கு வந்து, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், என்னிடம் இரண்டு விஷயங்களை ஒன்றாகச் சொன்னாள். மார்பில் ஒரு கட்டி இருந்தது. அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், ஒன்றுமில்லை என்று இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"இருந்துச்சா? எப்பலேர்ந்து?"

"கிறிஸ்மஸ் முடிஞ்சதுலேர்ந்து."

"யார்கிட்டயுமே சொல்லலையா?"

அவள் கையுறையை மெதுவாக உருவினாள். "மான்ட்டியோட அப்பாகிட்ட சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உன்கிட்ட சொன்னா நீ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே, டெஸ். அவரு ஏரியைப் பாத்துக்கிட்டே கேட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான்."

நான் எழுந்து போய் டீக்குக் கெட்டிலைப் போட்டேன். நாங்கள் அப்படித்தான்.

மறுநாள் அவள் நல்ல சேதியோடு ஏரிக்கு ஓடினாள். அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மார்ச் போய் ஏப்ரலும் வந்துவிட்டது. அவளுடைய பயத்தை வாங்கிக்கொண்டு போன ஒரே மனிதர், அது தீர்ந்துவிட்டது என்று தெரியாமல் எங்கேயோ இருக்கிறார். அதுதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது.

"பாவம், நான் செத்துப்போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாரு" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, அவருதான் போயிட்டாரோ?" என்பாள்.

விசாரிக்காமல் இல்லை. ஏரிக்கரை டீக்கடைப் பெண்ணிடம் நானே போய்க் கேட்டேன்.

"மான்ட்டியா? ஐயோ, செல்லம்! அதுக்கு சாசேஜ்ல தோலு பிடிக்காது, உரிச்சுத்தான் குடுப்பேன்."

"அதோட அப்பா?"

"அப்பாவா..." அவள் மேலே பார்த்து யோசித்தாள். "பால் ஊத்தாம குடிப்பாருன்னு நெனக்கிறேன். இல்ல, அது ரஸ்டியோட அப்பா."

பூங்காக் காவலர் இன்னும் மோசம். மான்ட்டியின் கழுத்துப்பட்டை சிவப்பு, அது எந்தப் புதரில் படுக்கும், போன கோடையில் எந்த அன்னத்திடம் கடி வாங்கியது எல்லாம் சொன்னார். அதன் அப்பாவைப் பற்றிக் கேட்டால், "தொப்பி போட்டிருப்பாரு சார்" என்றார். அவரும் தொப்பிதான் போட்டிருந்தார். நானும்.

மே மாத விடுமுறை ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் கெயில் இரட்டைப் பெண் குழந்தைகளோடு வந்தாள். எல்லோரும் ஏரிக்குப் போனோம், என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். வெயில் அடித்ததால் ஊரே அங்கே இருந்தது. வாத்துகளுக்கு ரொட்டி போடக் கூடாது என்பதால் பேத்திகள் ஆளுக்கொரு டப்பாவில் பச்சைப் பட்டாணி கொண்டுவந்திருந்தார்கள். பாதியை அவர்களே தின்றுவிட்டார்கள். தண்ணீர் நடுவில் ஒரு கொண்டை முக்குளிப்பான் பறவை, முதுகில் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போனது. கோடு போட்ட சின்னத் தலைகள் இறக்கைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன.

"தாத்தா, அதுங்க ஏன் நீந்தல?"

"நீ ஏன் கார் நிறுத்துற எடத்துலேர்ந்து என் தோள்ல வந்தே?"

"எனக்குக் கால் வலிச்சுது."

"அதுங்களுக்கும் வலிக்குதாம்."

பெப்பரைக் கெயில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள். நானும் நொரீனும் உட்கார இடம் தேடிப் பாதையில் முன்னால் நடந்தோம். ஒரு பெஞ்சில் வயதான மனிதர் ஒருவர் தனியாக இருந்தார். சுத்தமாகச் சவரம் செய்த முகம், வெறுந்தலை. எங்களைப் பார்த்ததும் பாதி எழுந்தார்.

"அருமையான நாள்" என்றாள் நொரீன், அந்நியர்களிடம் சொல்கிற குரலில்.

"ஆமாங்க" என்று அவர் முணுமுணுத்தார். நாங்கள் கடந்து போனோம். கொஞ்ச தூரத்தில் புல்லில் விரிப்பைப் போட்டு, முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தோம். அவர் எங்களைத் தாண்டி, வெளியே போகும் வழியில் நடந்தார். அங்கே வேலியில் ஒரு சின்ன மரக்கதவு உண்டு. அதைத் திறந்தார், அந்தப் பக்கம் போனார். பிறகு கதவை முழங்காலால் தடுத்துப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடி நின்றார்.

யாரும் வரவில்லை. வருவதற்கு யாரும் இல்லை. ஒரு கிழட்டு நாய் பின்னங்காலை இழுத்துக்கொண்டு கடந்து போக எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் மூடினார்.

நொரீன் எழுந்துவிட்டாள். சாண்ட்விச் அவள் மடியிலிருந்து புல்லில் விழுந்தது.

"டெஸ், அவருதான்."

"யாரு?"

அவள் ஓடினாள். வலிக்கிற முழங்காலோடு! அவர் கார்களை நெருங்கிவிட்டார். கூப்பிட வேண்டும், என்னவென்று கூப்பிடுவது? வாயைத் திறப்பதும் மூடுவதுமாக ஓடினாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு பெயர். அதைச் சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரிந்தது.

"மான்ட்டி!" என்று கத்தினாள். "மான்ட்டி!"

அவர் நின்றார். உடனே திரும்பவில்லை. தோள்கள் மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கின. பிறகு திரும்பினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது நொரீன் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க. வேற எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல."

"பரவால்ல. ரொம்ப நாளாச்சு, யாரும் அந்தப் பேரச் சத்தமாச் சொல்லி."

"எப்போ?"

"பிப்ரவரி ஆரம்பத்துல. தூக்கத்துலயே."

"அதுக்கப்புறம் ஏன் வரல?"

"நாயில்லாம ஒரு ஆம்பள தனியா ஏரியச் சுத்திக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கு? ஒரு நாள் வந்தேன். நிறைய பேர் வழிய விட்டு ஒதுங்கிப் போனாங்க." அவர் தன் தாடையைத் தடவினார். "தாடியையும் எடுத்துட்டேன். அது தாடியத்தான் நக்கும்."

"நான்கூடக் கண்டுக்காமப் போயிட்டேனே!"

"நான் தப்பா எடுத்துக்கல. உங்க விஷயம்தான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. யார்கிட்ட கேக்கறது? பெப்பரோட அம்மா எப்படி இருக்காங்கன்னு டீக்கடையில கேட்டா, பெப்பர் நல்லாத் துள்ளுதுங்கறாங்க. அதான் லீவு நாள்ல கூட்டத்தோட கூட்டமா வந்து பாத்தேன். குழந்தைங்களோட சிரிச்சுக்கிட்டு வந்தீங்க. சரி, அது போதும்னு கெளம்பிட்டேன்."

"கட்டி ஒண்ணுமில்ல" என்றாள் நொரீன். "ஒண்ணுமே இல்ல. பிப்ரவரியிலயே சொல்லிட்டாங்க. மறுநாளே உங்ககிட்ட சொல்ல ஓடி வந்தேன்."

அவர் ஏரியைப் பார்க்கவில்லை. முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு கைக்குட்டையைத் தேடினார். நான் என்னுடையதை நீட்டினேன்.

"நான் இவளோட வீட்டுக்காரன். டெஸ்மண்ட்."

"லயனல்" என்று கை கொடுத்தார்.

"நன்றி, லயனல்" என்றேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிளாஸ்க்கில் டீ இருக்கிறது, ஒரு வாய் குடித்துவிட்டுப் போகலாமே என்றேன். வந்து விரிப்பில் எங்கள் நடுவில் உட்கார்ந்தார். பேத்திகள் அவருக்குப் பட்டாணி கொடுத்தார்கள். வாங்கி ஒவ்வொன்றாகத் தின்றார்.

"லீவு முடிஞ்சு செவ்வாய்க்கிழமை வருவீங்கல்ல?" என்றாள் நொரீன்.

"நடக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்ல? வெறுமனே எப்படி வர்றது?"

"எனக்குப் பேச ஆள் வேணும். மூணு மாசமாப் பேசாம வச்சிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். மூன்று மாதமும் அவள் வீட்டில் பேசாமல் இருந்தாளா என்று கேட்பதுபோல.

"வந்துடுங்க லயனல்" என்றேன். "என்னால தனியாச் சமாளிக்க முடியல."