ஆறு பேருக்கும் தெரியும்

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் நீர்விளையாட்டுப் பூங்கா திறந்தபோது, உள்ளூர்க்காரர்களுக்கும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்று கறாராக நின்று சாதித்தவர் தெருச் சங்கத் தலைவர் யூசுப் பாய். நல்ல மனிதர், ஆனால் அவசரக்குடுக்கை. குளக்காவல் விண்ணப்பத்தில் 'நீச்சல் தெரியுமா' என்ற இடத்தில், ஒருத்தரையும் கேட்காமல் தெருவிலிருந்து விண்ணப்பித்த ஆறு பெண்களுக்கும் 'தெரியும்' என்று எழுதி, சங்க முத்திரையையும் குத்திவிட்டார். பூங்காக்காரர்கள் முத்திரையை நம்பினார்கள்.

"பாய், எனக்குத் தெரியாதே" என்றாள் அவர்களில் ஒருத்தியான ஷம்ஷாத்.

"இன்னா ம்மா நீ, கழுத்தளவு தண்ணிதானே. விசில ஊதிகினு நில்லு, போதும்."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சிவப்புச் சட்டையோடு அலைக்குளத்தின் ஓரம் நிற்கும்போதெல்லாம் ஒரே நினைப்பு. யாராவது மூழ்கினால்? ஒரே ஆறுதல், எதிர்க்கரையில் நின்ற அதே தெரு எழிலரசி. துணிச்சல்காரி, ஏதாவது ஆனால் பாய்ந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரிந்தது. ஓர் அலை அடித்து ஓய்ந்த இடத்தில் மஞ்சள் சட்டைச் சிறுமி ஒருத்தியைக் காணவில்லை. ஷம்ஷாத் பதறி எழிலைப் பார்த்தாள். எழில் இவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அசையவே இல்லை.

விசிலை ஊதினாள், அலை இயந்திரம் நின்றது. எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தண்ணீர் கழுத்துக்கு ஏற ஏற அல்லாவைக் கூப்பிட்டபடி காலால் துழாவினாள். துணி தட்டியது. குனிந்து, மூச்சு முட்ட இழுத்தாள். சிறுமி இருமினாள், பிறகு வீறிட்டு அழுதாள்.

மேனேஜர் கிருபாகரன் அவளையும் எழிலையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். யூசுப் பாயும் ஓடிவந்திருந்தார், வாயெல்லாம் பல்.

"நாளையிலேர்ந்து நீங்க பெரிய சறுக்குக் குளத்துல நில்லுங்க. பத்தடி ஆழம். உங்கள மாதிரி ஆள்தான் அங்க வேணும்" என்றார் மேனேஜர் ஷம்ஷாத்திடம்.

பத்தடி. 'சரின்னு சொல்லு' என்று பாய் கண்ணைக் காட்டினார். இந்த வேலை போனால் அவள் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

"சார், எனக்கு நீச்சல் தெரியாது."

பாயின் முகம் வெளிறியது. மேனேஜர், "ரொம்ப அடக்கம்" என்று சிரித்தார்.

"எனக்கும் தெரியாது சார்" என்றாள் எழில். "மத்த நாலு பேருக்கும் தெரியாது. இப்ப அவங்கதான் குளத்தாண்ட நிக்கிறாங்க."